ஒண்டுக்குடித்தன கிராபிக்ஸ்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் சேரப் போகிறவன். "அண்ணே, ரெண்டு லேப்டாப் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு நாப்பத்தஞ்சாயிரம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இன்னொண்ணு எழுபத்தஞ்சு, கார்டு இருக்கு. அப்பா முதல்ல சொன்னதே போதும்ங்கிறாங்க. கடைக்காரரு அதுல கேமே ஓடாதுங்கிறாரு. நீதான் அப்பாகிட்ட பேசணும்."

வீட்டில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் ஒருத்தன் இருந்தால் பிரிண்டர் ரிப்பேரிலிருந்து லேப்டாப் வரைக்கும் அவன்தான் குடும்ப ஜோசியர். முப்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் என்பது எங்க சித்தப்பாவுக்குச் சின்ன விஷயம் இல்லை. "ரெண்டு நாள் பொறுடா"ன்னு சொல்லிட்டு போனை வச்சேன். ஆன்போர்டா, தனி கார்டா என்கிற இந்தச் சண்டைக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் வயசாச்சு. அதில் ஏமாந்தவங்க பட்டியலும் பெருசு. அதனால கொஞ்சம் நீளமாவே கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுமை இருக்கிறவங்க வாங்க.

முதல்ல ஒண்டுக்குடித்தனம். ஒரே வீட்டை நாலாத் தடுத்து நாலு குடும்பம் இருக்கும், முற்றத்தில் ஒரே ஒரு குழாய். யார் வீட்டில் எவ்வளவு பெரிய குடம் இருந்தாலும் குழாயில் வர்ற தண்ணிதான் கணக்கு. மேல் போர்ஷன்காரம்மா துணி ஊறப்போட்டால் கீழ் போர்ஷனில் சமையல் லேட்டாகும். ஆன்போர்டு கிராபிக்ஸ் அந்த வீடுதான். அதுக்குன்னு சொந்தமா மெமரி கிடையாது. பிராசஸர் குடிக்கிற அதே ரேமிலிருந்து, அதே குழாயில் வரிசையில் நின்னு அதுவும் பிடிச்சுக்கணும். தனி கார்டுன்னா தனி வீடு, தனி போர், தனி டேங்க்.

இது சும்மா உவமைக்குச் சொன்னது இல்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். 1024 x 768 திரையில் 7,86,432 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நிறத்துக்கு 4 பைட், அது முன்னால் இருக்கா பின்னால் இருக்கான்னு பார்க்கிற ஆழக் கணக்குக்குப் படிக்க 4, எழுத 4. மொத்தம் 12. கேமில் ஒரு பொருளுக்கு முன்னால் இன்னொரு பொருள் வர்றதால் ஒரே புள்ளியைச் சராசரியா மூணு தடவை வரைய வேண்டியிருக்குன்னு வச்சுக்குவோம். விநாடிக்கு 60 ஃபிரேம். பெருக்கினால் சுமார் 1.7 ஜிபி. விநாடிக்கு! சுவர், தரை, மரம், முகம் எல்லாத்துக்கும் ஒட்டுகிற டெக்ஸ்ச்சர் இன்னும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 2002ல் வந்த இன்டெல் 845ஜி போர்டில் டிடிஆர் 266 ரேம் போட்டால் மொத்தக் குழாயும் விநாடிக்கு 2.1 ஜிபிதான். அதில் பிராசஸரும் குடிக்கணும், ஆன்போர்டும் குடிக்கணும். அதே 2002ல் வந்த ஏடிஐ ரேடியான் 9700 ப்ரோ கார்டில் சொந்த மெமரியின் வேகம் விநாடிக்கு 19.8 ஜிபி. சிப்பு எவ்வளவு புத்திசாலி என்ற பேச்சுக்கே இடம் இல்லை, தண்ணியிலேயே ஒன்பது மடங்கு வித்தியாசம்.

இதை முதலில் சரியாச் செஞ்சது 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி. 1996ல் வந்த அவங்க வூடூ கார்டில் மெமரி மொத்தமே 4 எம்பிதான். ஆனா திரைக்கு 2 எம்பி ஒரு வழியில், டெக்ஸ்ச்சருக்கு 2 எம்பி தனி வழியில். கார்டுக்குள்ளேயே ரெண்டு குழாய்! சாதா 2டி வேலை எதுவும் அதுக்குத் தெரியாது. அதுக்கு இன்னொரு கார்டு வேணும், ரெண்டையும் பின்பக்கம் ஒரு கேபிளில் இணைக்கணும். கேம் ஆரம்பிச்சா மட்டும் வூடூ திரையை எடுத்துக்கும். இந்தக் கோமாளித்தனமான ஏற்பாட்டை ஜனங்க சந்தோஷமா வாங்கினாங்க, ஏன்னா கேம் அப்படி ஓடிச்சு.

இன்டெல் சும்மா இருக்குமா? 1998 பிப்ரவரியில் ஐ740ன்னு ஒரு தனி கார்டு சிப்பு கொண்டுவந்தது. கூட்டு, ரியல்3டி கம்பெனி. லாக்ஹீட் மார்ட்டினில் விமானப் பயிற்சி சிமுலேட்டர் பண்ணின பரம்பரை, ஆள் பலத்தில் குறை சொல்ல முடியாது. கோட்டை விட்டது வேற இடத்தில். ஏஜிபின்னு ஒரு புதுச் செருகுவழியை இன்டெல் அப்பதான் அறிமுகப்படுத்தியிருந்தது. அதை எல்லாரும் வாங்கணும். அதனால் ஐ740ல் டெக்ஸ்ச்சரைக் கார்டு மெமரியிலேயே வைக்க விடாம, எல்லாத்தையும் ஏஜிபி வழியா கம்ப்யூட்டர் ரேமிலிருந்துதான் எடுக்கணும்னு வடிவமைச்சாங்க. தனி வீடு கட்டிட்டு, குடிக்கிற தண்ணிக்கு மட்டும் பழைய ஒண்டுக்குடித்தனக் குழாய்க்கே குடத்தைத் தூக்கிட்டுப் போன மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏஜிபி இல்லாத பழைய போர்டுகளுக்காக ரியல்3டியே ஐ740ஐ வச்சு ஒரு பிசிஐ கார்டும் போட்டது. பிசிஐயின் வேகம் ஏஜிபியில் நாலில் ஒரு பங்கு. அந்த வழியா ரேமுக்குப் போய்வந்தா விடிஞ்சிடும்ங்கிறதால், வேற வழியில்லாம டெக்ஸ்ச்சருக்குக் கார்டிலேயே கூடுதல் மெமரி வச்சாங்க. சில சோதனைகளில் அந்தப் பழைய பிசிஐ கார்டு, புது ஏஜிபி கார்டை முந்திடுச்சு! சிப்பு ஒண்ணேதான், மாறினது குழாய் மட்டும். இந்தக் கதை முழுக்க இதே பாடம் திரும்பத் திரும்ப வரும், பாருங்க.

ஐ740 விலை போகலை. தனி கார்டாத் தோத்த சிப்பை என்ன பண்றது? அதே வம்சத்து வடிவத்தை 1999 ஏப்ரலில் 810 சிப்செட்டுக்குள்ளே வச்சு மதர்போர்டோட விற்க ஆரம்பிச்சாங்க. இங்கேதான் இன்டெல் ஜெயிச்சது. கேம் ஆடுறவங்ககிட்ட இல்லை, கணக்கு எழுதுறவங்ககிட்ட. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம்ம ஊர் பிரவுசிங் சென்டருக்கும் கார்டு எதுக்கு? ஐயாயிரம் ரூபாய் மிச்சம்னா யாருக்குக் கசக்கும்? 2000களில் எண்ணிக்கைப்படி உலகத்திலேயே அதிக கிராபிக்ஸ் விற்ற கம்பெனி என்விடியாவும் இல்லை, ஏடிஐயும் இல்லை, இன்டெல்தான். கேமே சரியா ஓடாத கிராபிக்ஸை வச்சு முதலிடம் :-)

குழாய் மட்டும்தான் பிரச்சினைன்னா மன்னிச்சிடலாம். மனசும் இல்லைங்கிறதுதான் எனக்குக் கோபம். 1999 அக்டோபரில் வந்த ஜிஃபோர்ஸ் 256ல், முப்பரிமாண உருவங்களைத் திருப்பி நகர்த்தி ஒளி சேர்க்கிற கணக்கைப் பிராசஸர்கிட்டேயிருந்து பிடுங்கி கார்டே செய்ய ஆரம்பிச்சாச்சு. 2005ல் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 950லயும் அந்த வேலையைச் செய்ய ஹார்டுவேர் கிடையாது, எல்லாம் பிராசஸர் தலையில். 2006ல் ஜிஎம்ஏ எக்ஸ்3000ல் ஒருவழியா ஹார்டுவேர் வச்சாங்க. ஆனா அதை ஓட்டுற டிரைவர் வெளிவர 2007 ஆகஸ்ட் ஆயிடுச்சு. சிப்புக்குள் இருக்கிற வசதியைப் பயன்படுத்த ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவங்க இருக்காங்க. நாம ஒரு ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளிப் போனா மேனேஜர் என்ன பேச்சு பேசுறார்!

அந்தக் காலத்து நம்ம ஊர்ப் பசங்க இதுக்கு ஒரு குறுக்குவழி வச்சிருந்தாங்க. 3டி அனலைஸ்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர். நான் ஸ்கூல் படிக்கும்போது பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருத்தர் பென்டிரைவில் வச்சிருப்பார். கேம் ஆரம்பிக்கும்போது "உங்கிட்ட அந்த வசதி இருக்கா?"ன்னு கார்டைக் கேட்கும். இது நடுவில் புகுந்து "இருக்கு, இருக்கு"ன்னு பொய் சொல்லும். கேம் திறக்கும். விநாடிக்கு எட்டு ஃபிரேமோ பத்து ஃபிரேமோ, வானம் கருப்பா, ஆளுக்கு முகம் இல்லாம, ஆனா திறக்கும். அந்த எட்டு ஃபிரேமில் கதையை முடிச்சவங்க உண்டு. அவங்க பொறுமைக்கு ஐஏஎஸ் எழுதியிருக்கலாம்.

பொய் சொன்னது அந்தக் குட்டி சாஃப்ட்வேர் மட்டும் இல்லை. விஸ்டா கதைக்கு வருவோம்.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. வர்றதுக்கு முன்னாடியே, இப்போ வாங்குற பொட்டியில் விஸ்டா ஓடுமான்னு ஜனங்க தயங்கக் கூடாதேன்னு, 2006லயே 'விஸ்டா கேப்பபிள்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்றாங்க. விஸ்டாவின் அழகே ஏரோ என்ற கண்ணாடி மாதிரித் தெரியும் ஜன்னல்கள்தான். அதுக்குப் புதுவகை கிராபிக்ஸ் டிரைவர் வேணும். அப்போ லேப்டாப்களில் பரவலா இருந்த இன்டெல் 915 சிப்செட்டின் ஆன்போர்டுக்கு அந்த டிரைவர் கிடையாது. அப்போ ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதுதானே? முதலில் மைக்ரோசாஃப்டும் அப்படித்தான் வச்சிருந்தது. பிறகு அந்த நிபந்தனையைத் தளர்த்திட்டாங்க. 915 பொட்டிக்கும் ஸ்டிக்கர் வந்துடுச்சு. வாங்கினவங்க விஸ்டா போட்டா, கண்ணாடியும் இல்லை, ஒண்ணும் இல்லை, ஹோம் பேசிக் என்ற மொட்டை விஸ்டாதான்.

2007ல் அமெரிக்காவில் சியாட்டில் கோர்ட்டில் வழக்கு. 2008ல் மைக்ரோசாஃப்டின் உள் மெயில்கள் வெளியே வந்தப்போ ஊரே சிரிச்சது. அந்தக் கம்பெனியின் மேலதிகாரிகளில் ஒருத்தரான மைக் நாஷே ஸ்டிக்கரை நம்பி லேப்டாப் வாங்கி, 2,100 டாலர் கொடுத்து மெயில் பார்க்கிற மிஷின் வாங்கிட்டேன்னு புலம்பியிருக்கார். ஜான் கால்க்மன் என்ற இன்னொரு அதிகாரி, இன்டெல்லின் காலாண்டு வருமானத்துக்கு உதவத்தான் 915க்காக நிபந்தனையைத் தளர்த்தினோம் என்ற பொருளில் எழுதியிருந்தார். எங்கள் நிதிநிலை அவருக்கு எப்படித் தெரியும்னு இன்டெல் மறுத்தது. எச்.பி. கம்பெனி பழைய நிபந்தனையை நம்பி, செலவு செஞ்சு, நல்ல கிராபிக்ஸோட பொட்டி தயார் பண்ணியிருந்தது. அவங்களுக்கு வந்த கோபம் நியாயம்தான். 2009 பிப்ரவரியில் நீதிபதி மார்ஷா பெக்மன் இதை எல்லா வாங்கினவங்களுக்கும் சேர்ந்த கூட்டு வழக்கா நடத்த முடியாதுன்னு சொல்லிட்டார். தனித்தனியா வழக்கு போட யாருக்கு வசதி? அதோட புஸ்ஸுனு போச்சு. கேம் ஆடாதவனுக்கு ஆன்போர்டு எக்கேடு கெட்டா என்னன்னு நினைச்சவங்க எல்லாரும் வாங்கிக்கட்டிக்கிட்டது அப்பதான்.

சரி, தனி வீட்டுக்காரங்க மட்டும் நிம்மதியா இருந்தாங்களா? 2007ல் லேப்டாப்பில் கேம் ஆடணும்னா எல்லாரும் கை காட்டினது ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி. ஆனா ஒரே பேரில் ரெண்டு சரக்கு. ஜிடிடிஆர்3 மெமரி வச்சதில் விநாடிக்கு 22.4 ஜிபி, சாதா டிடிஆர்2 வச்சதில் 12.8. பெட்டியில் 8600எம் ஜிடி, 256 எம்பின்னு மட்டும் பெருசாப் போட்டிருக்கும். எம்பி என்பது டேங்க் அளவு, குழாய் அளவு இல்லைன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?

அதுக்கு மேல 2008 ஜூலையில் என்விடியா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சில லேப்டாப் சிப்புகள் வழக்கத்துக்கு மேல் பழுதாகுது, அதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குறோம்னு. சிப்பையும் அதன் அடிப்பலகையையும் இணைக்கிற குட்டிக் குட்டி ஈயப் புள்ளிகளும் அதைச் சுத்தி இருக்கிற பசையும் சூட்டுக்குத் தாங்கலை. சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, விரிசல் விட்டு, ஒருநாள் திரை கோடு கோடாகி அணைஞ்சிடும். மேஜைக் கம்ப்யூட்டரைவிட லேப்டாப்பில் இது அதிகம், ஏன்னா அங்கே காத்துக்கும் இடமில்லை, தூங்கி எழுந்து தூங்கி எழுந்து வேலை செய்யும். டெல், எச்.பி., ஆப்பிள் லேப்டாப் சிலதுக்கு 2010ல் கோர்ட் சமரசம் வரைக்கும் போச்சு. ஓவனில் மதர்போர்டை வச்சு 'பேக்' பண்ணி உயிர் கொடுத்தவங்க கதை நெட்டெல்லாம் கிடக்கும். நம்ம ஊர் சர்வீஸ் கடைகளில் ஓவனுக்குப் பதில் ஹீட்கன். சூடு காட்டினா ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் திரும்ப வரணும். அப்போ ஆன்போர்டு வச்சிருந்தவன் பொட்டி மட்டும் சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருந்தது.

அடுத்த திருப்பம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2008 அக்டோபரில் ஆப்பிளின் மேக்புக்கில் இன்டெல் ஆன்போர்டுக்குப் பதிலா என்விடியாவின் 9400எம் வந்தது. இதுவும் ஆன்போர்டுதான், சொந்த மெமரி கிடையாது, அதே ஒண்டுக்குடித்தனம். ஆனா இன்டெல்லின் அப்போதைய ஆன்போர்டை எங்கேயோ விட்டுட்டு ஓடிச்சு. குழாய் சின்னதா இருந்தாலும் குடும்பம் நடத்தத் தெரிஞ்சவ நடத்துவான்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. 2009 பிப்ரவரியில் இன்டெல் கோர்ட்டுக்குப் போச்சு. அவங்க வாதம் என்னன்னா, ரேம் கன்ட்ரோலரைப் பிராசஸருக்குள்ளேயே வச்சு நாங்க பண்ற புதுப் பிராசஸர்களுக்குச் சிப்செட் பண்ண உனக்கு லைசென்ஸ் கிடையாது. தமிழில் சொன்னா, முற்றத்துக் குழாயை என் வீட்டுக்குள்ளே மாத்திக்கிட்டேன், இனிமே உனக்குத் தண்ணி இல்லை. 2011 ஜனவரியில் சமரசம். இன்டெல் என்விடியாவுக்கு 150 கோடி டாலர் தவணையில் கொடுக்கணும். ஆனா என்விடியா அந்தச் சிப்செட் வியாபாரத்தை அதுக்குள்ளேயே விட்டாச்சு. பணம் இவங்களுக்கு, குழாய் அவங்களுக்கு.

அந்த ஜனவரியிலேயே இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வந்தது. கிராபிக்ஸ், பிராசஸர் ரெண்டும் ஒரே சிலிக்கான் துண்டில், கேஷ் மெமரியையும் பங்கு போட்டுக்கிட்டு. முற்றத்துக் குழாய்க்குப் போறதுக்கு முன்னாடி அடுக்களையில் ஒரு அண்டா வச்ச மாதிரி. 2006ல் 540 கோடி டாலர் கொடுத்து ஏடிஐயை வாங்கி, ஃப்யூஷன் ஃப்யூஷன்னு அஞ்சு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்த ஏஎம்டியும் 2011 ஜூனில் லானோவை இறக்கியது. அதைச் சோதிச்சவங்க எல்லாரும் ஒரு விஷயம் எழுதினாங்க. வேகமான ரேம் போட்டா கேம் வேகமா ஓடுது. அதேதான், குழாய்!

எனக்குச் சொந்தமா கிடைச்ச முதல் பொட்டியும் ஆன்போர்டுதான். 2011 செப்டம்பரில் ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூவில் வாங்கினது. அதில் வைஸ் சிட்டி ஓடிச்சு, கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடிச்சு. எங்க தெருவில் நாலு மடிக்கணினியை ஒரே சுவிட்ச் பெட்டியில் இணைச்சு விடிய விடிய ஆடியிருக்கோம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பசங்களுக்கு கேம் என்றாலே அதுதான். தனி கார்டு இருந்தாதான் கேம்னு சொல்றவங்க எந்த ஊர்ல வளர்ந்தாங்களோ.

நடுவில் ரெண்டையும் வச்சுக்கலாம்னு ஒரு வழி வந்தது. 2010ல் என்விடியாவின் ஆப்டிமஸ். சாதா வேலைக்கு ஆன்போர்டு, கேம் வந்தா தனி கார்டு விழிச்சுக்கும், வரைஞ்ச படத்தை ஆன்போர்டின் மெமரிக்கு அனுப்பும், அது திரைக்கு அனுப்பும். பேட்டரிக்கு நல்லது. விண்டோஸில் ஓரளவு ஓடிச்சு. லினக்ஸில் என்விடியா கண்டுக்கவே இல்லை. 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இதைப் பத்தி ஒரு பெண் கேட்டப்போதான் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, கம்பெனி செய்யாததை நாங்க செய்றோம்னு பம்பிள்பீன்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிருந்தாங்க. அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், /யுஎஸ்ஆர் என்ற டைரக்டரிக்குள் ஆழத்தில் இருக்கிற ஒரு ஃபோல்டரை அழிக்கிற வரி. அதில் யுஎஸ்ஆருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் கூடுதலா விழுந்துடுச்சு. விளைவு, /யுஎஸ்ஆர் முழுசும் காலி. அதாவது சிஸ்டமே காலி. கிராபிக்ஸ் கார்டை எழுப்பப் போய் பொட்டியைத் தூங்க வச்சாங்க. இன்னிக்கும் அழிக்கிற கமாண்ட் எதை அடிச்சாலும் என்டர் தட்டுறதுக்கு முன்னாடி எனக்கு இந்த ஞாபகம் வரும்.

அதுக்குப் பிறகு ஆன்போர்டு வளர்ந்த கதை முழுக்க குழாய் அகலமான கதை. 2013ல் இன்டெல் ஐரிஸ் ப்ரோவில் பிராசஸர் பக்கத்திலேயே 128 எம்பி தனி மெமரி. அந்த வருஷக் கடைசியில் வந்த 15 இன்ச் மேக்புக் ப்ரோவின் ஆரம்ப மாடலில் ஆப்பிள் தனி கார்டையே எடுத்துட்டது. 2018ல் இன்டெல் பிராசஸரும் ஏஎம்டி கிராபிக்ஸும் 4 ஜிபி சொந்த மெமரியோட ஒரே அட்டையில் உட்கார்ந்த அதிசயமும் நடந்தது. பாம்பும் கீரியும் ஒரே கூண்டில், ரொம்ப நாள் நிலைக்கலை.

இந்தக் காலகட்டத்தில் லேப்டாப் கம்பெனிகள் செஞ்ச ஒரு கஞ்சத்தனத்தைச் சொல்லியே ஆகணும். 2017 கடைசியில் ஏஎம்டி ரைஸன் லேப்டாப் சிப்புகள் வேகா கிராபிக்ஸோட வந்தது. நல்ல ஆன்போர்டு. அதுக்கு ரெண்டு ரேம் குச்சி போட்டாதான் ரெண்டு குழாயும் திறக்கும். டிடிஆர்4 3200ல் ஒரு குச்சின்னா விநாடிக்கு 25.6 ஜிபி, ரெண்டுன்னா 51.2. ஆனா கடைக்கு வந்த மலிவு மாடல் பலதில் ஒரே குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி. இந்த ரகத்தில் ஒண்ணு நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசில் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு மாசம் இதுவா அந்தப் புகழ்பெற்ற வேகான்னு திட்டிக்கிட்டே ஆடினேன். அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு குச்சி வாங்கி, ரூமில் ஸ்க்ரூவைக் கழட்டிச் செருகினேன். திக்கித் திக்கி நடந்த அதே ஜிடிஏ 5, அதே செட்டிங்கில், ஓட ஆரம்பிச்சது. புதுசா வேற எதுவும் போடலை. கூட இருந்தவன் நம்பவே இல்லை, ஏதோ டவுன்லோட் பண்ணியிருக்கேன்னு நினைச்சான்.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1. மெமரியே பிராசஸர் அட்டையில், எல்லாருக்கும் பொது, விநாடிக்கு 68 ஜிபி. அடுத்த வருஷம் எம்1 மேக்ஸில் 400. 2022 பிப்ரவரியில் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக், கையில் வச்சு ஆடுற பொட்டி, உள்ளே ஏஎம்டியின் ஆன்போர்டு ரகம்தான், விநாடிக்கு 88 ஜிபி. ஆன்போர்டில் கேமான்னு சிரிச்ச காலம் போய், கேமுக்குன்னே ஆன்போர்டு பொட்டி. 2025 ஜனவரியில் ஏஎம்டி அறிவிச்ச ரைஸன் ஏஐ மேக்ஸில் விநாடிக்கு 256 ஜிபி. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் சொந்த மெமரி வேகமும் சரியா அதே 256தான்! கேமிலும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிக்குது. இதில் தமாஷ் என்னன்னா, 4060க்கு டேங்க் 8 ஜிபியோட முடிஞ்சது. ஒண்டுக்குடித்தனக்காரன் பொது ரேமிலிருந்து 96 ஜிபி வரைக்கும் எடுத்துக்கலாம். விலைதான் வயித்தைக் கலக்கும், அதனால வாங்குறவங்களில் பாதிப்பேர் கேமுக்கு இல்லாம ஏஐ மாடல் ஓட்டத்தான் வாங்குறாங்கன்னு தோணுது.

தனி கார்டுக்காரங்க பழைய 8600எம் வித்தையை இன்னும் விடலை. 4060ன்னு ஒரே பேர், ஆனா 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப்புக்கு லேப்டாப் வேற. மெலிசான பொட்டியில் அடைச்ச 4060ம் தடிமனான பொட்டியில் இருக்கிற 4060ம் ஒண்ணு இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்தா தெரியாது, ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் கடைசி வரியைத் தோண்டணும்.

2025 செப்டம்பரில் வந்த செய்தி இன்னொரு உச்சம். என்விடியா 500 கோடி டாலரை இன்டெல்லில் முதலீடு செய்யுது, என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸைச் சேர்த்து இன்டெல் பிராசஸர் பண்ணப் போகுது. குழாயை உள்ளே மாத்தி வெளியே துரத்தின அதே வீட்டுக்குள், பதினாலு வருஷம் கழிச்சு, பணத்தோட வந்திருக்காங்க.

சித்தி பையனுக்கு ரெண்டு நாள் கழிச்சு போன் போட்டேன். "என்னடா ஆடுவே?" "வாலரண்ட்தான்ணே, அப்பப்போ ஜிடிஏ 5." "முதல் லேப்டாப்பில் ரேம் எப்படி இருக்கு, ஒரு குச்சியா ரெண்டா?" கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னான். ஒரே குச்சி, 8 ஜிபி, இன்னொரு ஸ்லாட் காலி. "ரெண்டாவது லேப்டாப்பில் கார்டு எத்தனை வாட்?" கடைக்காரருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியலையாம். முதல்தையே வாங்கு, அதோட இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டுக்கோ, நீ ஆடுற கேமுக்கு அது தாராளம்னு சொன்னேன். "நீயும் அப்பா கட்சியாண்ணே"ன்னு அலுத்துக்கிட்டான். வாங்கி ஆடிப் பார்த்துட்டுத் திட்டுடான்னேன்.

சித்தப்பா போனை வாங்கினார். முப்பதாயிரம் மிச்சமானதில் குரலே மாறியிருந்தது. "ஏம்ப்பா, அந்தக் குச்சி ஒண்ணு எவ்வளவு இருக்கும், ஒரு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ஆகுமா?"ன்னார். 2025 கடைசியில் ரேம் விலை எகிறின கதையை அவருக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு.